முதல் பெயிட்காஸ்டிங் ராடு: ஏலா வராலுக்கும் தேங்காப்பட்டணம் பொழிக்கும் சேத்து ஒண்ணு போதுமா?

கொல்லங்கோட்டுக்காரன்

எல்லாருக்கும் வணக்கம். ஊரு கொல்லங்கோடு, வேலை திருவனந்தபுரத்துல. வாரம் ஆறு நாளும் பாறசாலையில ரயில் ஏறிப் போய் ராத்திரி தான் திரும்புவேன். மீன் பிடிக்க எனக்குக் கிடைக்கது ஞாயிற்றுக்கிழமையும், சில நாள் விடியக்காலம் ஒரு மணிக்கூரும் தான்.

ரெண்டு வருஷமா ஸ்பின்னிங் ராடு (தூண்டில் கம்பு) வச்சிருக்கேன். 7 அடி மீடியம், 3000 சைஸ் ரீல். அதுல வரால் கொஞ்சம், சின்னப் பாறை மீன் கொஞ்சம், செம்பல்லி ரெண்டு பிடிச்சிருக்கேன். ஆனா போன மாசம் எங்க ஏலாவுக்கு (வயலுக்கு) கீழ உள்ள சானல்ல ஒரு வரால் தவளை லூரை (தவளை மாதிரி செஞ்ச பொய் எரையை) அடிச்சுது. ஒன்றரைக் கிலோவுக்குக் குறையாது. அடிச்ச வேகத்துல ஆகாயத்தாமரைக்கு அடியில பூந்துட்டு. ராடு வளைஞ்சு வளைஞ்சு நின்னுதே தவிர மீனை இந்தப் பக்கம் திருப்ப முடியல. கடைசியில வேரோட பாசி மட்டும் வந்துது. அன்னைக்கு ராத்திரி எனக்கு ஒறக்கமே வரல.

இன்னொண்ணு, குறி. ஏ.வி.எம். (அனந்த விக்டோரியா மார்த்தாண்டவர்மா) கால்வாய்ல பல எடத்துல பாசி பாய் விரிச்ச மாதிரி மூடிக் கெடக்கு. நடுவுல ஒரு முறம் அகலத்துக்குத் தெளிஞ்ச வெள்ளம் இருக்கும். மீன் அங்க தான் மேல வந்து வாய் பொளக்கும். அஞ்சு வீச்சுல ஒண்ணு தான் எனக்கு அதுக்குள்ள விழுது. பெயிட்காஸ்டர் (ராட்டுக்கு மேல உக்காருக ரீல்) வச்சிருக்கவங்க கட்டைவிரலால ஸ்பூலை (நூல் சுத்தின உருளையை) அமுக்கி நினைச்ச எடத்துல இறக்குகதைப் பாத்து ஆசை வந்துட்டு.

திருவனந்தபுரத்துல ஒரு கடையில கேட்டேன். 7 அடி 6 இஞ்சு ஹெவி ஒண்ணை எடுத்துத் தந்து, "பெருசா எடுத்தா சின்ன மீனுக்கும் ஆகும், பெரிய மீனுக்கும் ஆகும்"னு சொன்னாங்க. கையில பிடிச்சா நல்ல உறுதியாத் தான் இருக்கு. ராடுக்கு 4,000 ரூபாய், ரீலுக்கு அதே அளவு. இதுக்கு மேல என்னால முடியாது, ரெண்டு ராடு வாங்கவும் வழியில்ல. சானல் வராலுக்கும், தேங்காப்பட்டணம் பொழியில (ஆறு கடல்ல சேருக எடத்துல) உள்ள செம்பல்லி, கொடுவாவுக்கும் சேத்து ஒண்ணு எடுக்கணும். பஸ்ஸுலயும் கொண்டு போகணும். நான் இப்போ இடது கையால சுத்துகேன், பெயிட்காஸ்டருக்கு வலது கைன்னு ஒருத்தர் சொன்னார். அதுவும் தெரியல.

ஞாயிற்றுக்கிழமை காசோட போறேன். அதுக்குள்ள யாராவது சொல்லுங்க.

நாகர்கோவில் தவளை

7 அடி, மீடியம் ஹெவி, ஃபாஸ்ட் ஆக்‌ஷன். நம்ம மாவட்டத்துக்கு இது ஒண்ணு போதும், தைரியமா எடுங்க. நூல் பிரெய்டு (பின்னின நூல்) 30 பவுண்டுக்குக் கீழ போகாதீங்க. மெல்லிசா போட்டா பெரிய மீன் இழுக்கும்போது ஸ்பூல்ல அடியில உள்ள சுத்துக்குள்ள புதைஞ்சுக்கும், அடுத்த வீச்சுல அங்கேயே பிடிச்சு லூர் அறுந்து போகும். வெறும் ஸ்பூல்ல பிரெய்டைச் சுத்தினா மொத்தமா வழுக்கவும் செய்யும், அடியில கொஞ்சம் மோனோ (ஒத்தை இழை நைலான் நூல்) சுத்திட்டு அது மேல கட்டுங்க.

வந்த எடத்துல ஒண்ணு சொல்லிடுகேன். பெயிட்காஸ்டர் பழகும்போது நூல் நிறைய வெட்டி எறிய வேண்டி வரும். எங்க பக்கம் சுசீந்திரம், தேரூர் குளங்கள் 2022-ல ராம்சார் பட்டியல்ல (உலக அளவுல முக்கியமான ஈரநிலப் பட்டியல்) சேந்த எடம், அவ்வளவு பறவை வருது. நீங்க எந்தக் கரையில நின்னாலும் வெட்டின நூலைச் சுருட்டிப் பையில போட்டுக் கொண்டு வந்துருங்க. நாரை ஒண்ணு காலுல பிரெய்டு சுத்தி நிக்கதை ஒரு தடவை பாத்தவன் நான்.

அருமனை பால்வெட்டு

தம்பி, அந்த ஹெவி ராட்டை வாங்கிராதீங்க. ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் நாலு நாள் கெடக்கு. அதுக்குள்ள ஒரு வேலை செய்யுங்க. உங்க டப்பாவுல உள்ள லூர் எல்லாத்தையும் கொக்கியோட எடை போடுங்க. தங்கம் நிறுக்க கடையில தெரிஞ்சவங்க இருந்தா நிறுத்துத் தருவாங்க. இல்லேன்னா கிராம் காட்டுக சின்னத் தராசு ஒண்ணு வாங்குங்க, பெரிய காசு இல்ல. அட்டையில போட்ட எடையை அப்படியே நம்பாண்டாம். அதுல எதை நீங்க பத்து வீச்சுல எட்டு வீச்சு வீசுவீங்களோ, அந்த எடைக்குத் தான் ராடு எடுக்கணும். மீனுக்க பருமனை அதுக்குப் பெறகு பாத்துக்கிடலாம்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்லுகேன்னா, இதுல ஒரு வருஷம் நான் தொலைச்சிருக்கேன். நான் ரப்பர் வெட்டுகவன். விடியதுக்கு முன்னால தலையில லைட்டைக் கட்டிட்டு விளையில ஏறினா 300 மரம். பாலெடுத்து, ஒறைய வச்சு, ஷீட் அடிச்சு முடிய உச்சை ஆகும். அதுக்குப் பெறகு உள்ள நேரம் எனக்கு ஆத்துக்கரை. 2017-ல ஆறு மாசம் ஒட்டுப்பால் வித்த காசைச் சேத்து வச்சு முதல் பெயிட்காஸ்டிங் ராடு வாங்கினேன். 7 அடி 6 இஞ்சு, எக்ஸ்ட்ரா ஹெவி. பிடிக்கு மேல சின்ன எழுத்துல, வீசுக லூருக்க எடை 1 முதல் 3 அவுன்ஸ்னு போட்டிருந்துது. ஒரு அவுன்ஸ்னா 28 கிராமுக்குக் கொஞ்சம் மேல. அதை நான் கணக்குப் போட்டுப் பாக்கல. நான் வீசினது 10 கிராம் தவளை.

ஒவ்வொரு வீச்சுக்கும் ரீலுக்குள்ள நூல் கூடு கட்டும். பத்து மீட்டர் போகாது. கரையில இருந்து ஊசியால கோத்துக் கோத்துப் பிரிப்பேன், இருட்டிடும், வீட்டுக்கு வருவேன். கத்தி பிடிச்சுக் காய்ச்சுப் போன விரலு, அதனால ஸ்பூல் ஓட்டம் எனக்குத் தெரியலன்னு முடிவு பண்ணிட்டேன். ரீலை விக்கவும் ஆள் பாத்தேன். அப்போ தான் குலசேகரத்துல ஒரு கூட்டுக்காரன் அவனுக்க மீடியம் ஹெவியைத் தந்து வீசிப் பாருன்னான். எனக்க ரீலையே அதுல மாட்டினேன். அதே நூல், அதே தவளை. முதல் வீச்சே அக்கரைக் கைதைக்கு அடியில போய் விழுந்துது. நான் அப்படியே கரையில குத்த வச்சு இருந்துட்டேன். எனக்க விரலுக்கு ஒரு கேடும் இல்ல.

நடந்தது இது தான். ஸ்பின்னிங்ல ஸ்பூல் அசையாது, லூர் போகப் போக நூல் உருவிப் போகும். பெயிட்காஸ்டர்ல ஸ்பூல் சுத்தணும், அதைச் சுத்த வைக்கது லூருக்க கனம். பின்னால கொண்டு போய் முன்னால வீசும்போது லூருக்க கனத்துல ராடு வளையும். வளைஞ்சது நிமிரும்போது லூரைத் தள்ளி விடும். கனம் போதலைன்னா ராடு வளையாது. வளையாத ராட்டை நாம தோள் பலத்துல சுண்டுவோம். ஸ்பூல் ஒரே சுண்டுல வேகம் எடுத்துரும். ஆனா கனம் இல்லாத லூரை காத்து பிடிச்சு நிறுத்தும். லூர் மெதுவாச்சு, ஸ்பூல் மெதுவாகல. அது கழட்டி விடுக நூல் வெளிய போக வழியில்லாம உள்ளேயே சுருளும். பிரேக்கைக் கூட்டினா கூடு கட்டாது, ஆனா லூரும் போகாது. அப்போ பிரேக்கும் விரலும் சரி பண்ணக்கூடிய காரியம் இல்ல இது.

ராட்டுல 1/4 முதல் 3/4 அவுன்ஸ்னு போட்டிருந்தா 7 முதல் 21 கிராம். அதுல ரெண்டு ஓரத்தையும் விட்டு நடுவுல, நடுவுக்குக் கொஞ்சம் மேல, 12-ல இருந்து 17, 18 கிராம் வரை தான் ராடு நல்லா வேலை செய்யும். 7 கிராமும் போகும், ஆனா அது பழகின கைக்கு. 5 கிராம் வீசணும்னா அதை உங்க ஸ்பின்னிங்ல வீசுங்க. அது தான் அதுக்கு ஏத்த சாமான்.

பவரும் ஆக்‌ஷனும் ரெண்டும் ரெண்டு. கடையில இதைச் சேத்துக் குழப்புவாங்க. பவர்னா எவ்வளவு கனத்துக்கு வளையும்கது. ஆக்‌ஷன்னா எந்த எடத்துல வளையும்கது. காத்து அடிக்கும்போது உங்க வீட்டுக் கமுகைப் பாத்திருப்பீங்க, முக்கால் உயரத்துக்கும் சேந்து ஆடும். மூங்கில் நுனி மட்டும் தலை குனியும், அடி அசையாது. மூங்கில் மாதிரி நுனியில வளையது ஃபாஸ்ட். தவளைக்கு அது வேணும். ரெட்டைக் கொக்கி வராலுக்க வாய் எலும்புல ஏறணும், ஏறின ஒடனே தலையைப் பாசிக்கு மேல தூக்கணும், அதுக்கு அடியில விறைப்பு வேணும். மின்னோ (சின்ன மீன் மாதிரி செஞ்ச லூர்) மாதிரி மூணு முள் கொக்கி உள்ள லூருக்கு கமுகு மாதிரி மெதுவா வளையக்கூடிய மாடரேட் கொள்ளாம், ஏன்னா அந்தக் கொக்கி சின்னது, விறைச்ச ராட்டுல இழுத்தா வாயைக் கிழிச்சிட்டு வந்துரும். உங்களுக்கு ஒண்ணு தான் வாங்க முடியும்னா ஃபாஸ்ட் எடுங்க, மின்னோவுல மீன் அடிச்சா ராட்டை வெட்டி இழுக்காம சுத்திக்கிட்டே சாய்ச்சுப் பிடிங்க. எக்ஸ்ட்ரா ஃபாஸ்ட் வேண்டாம்.

நீளத்துக்கு ஒரு வழி. 7 அடிக்கு ஒரு கம்பு வெட்டி எடுத்துட்டு நீங்க நிக்கப் போற சானல் கரைக்குப் போங்க. அதை ராடு மாதிரி வீசிப் பாருங்க. பின்னால தென்னை ஓலை தட்டுதா, வேலி தட்டுதா, பக்கவாட்டுல வீச எடம் இருக்கான்னு பாருங்க. இடிச்சா 6 அடி 6 இஞ்சு. இடிக்கலேன்னா 7 அடி. ஏழரை அடி ராடு தூண்டில் வளைவுல (கடலுக்குள்ள நீட்டிப் போட்ட கல்லுல), பின்னால வெறும் ஆகாசம் உள்ள எடத்துல நிக்கவனுக்குள்ளது. அங்க போகும்போது மேலயும் பாருங்க. ஏலா வழியா கரண்டு கம்பி போகுது, பல எடத்துல தாழ்ந்தும் கெடக்கு. கார்பன் ராடு மின்சாரத்தைக் கடத்தும். கம்பியில முட்டினா ஆள் மிஞ்சாது. இடி இடிச்சா ராட்டைத் தரையில வச்சிட்டுத் தள்ளிப் போங்க.

செம்பல்லிக்கு மீடியம் ஹெவி போதுமான்னு கேட்டா, கிலோ, ரெண்டு கிலோவுக்குப் போதும். அது அடிச்சதும் திரும்பிக் கல்லுக்குள்ளயோ பாலத் தூணுக்கோ ஓடும். முதல் ரெண்டு நொடி தான் உங்க கையில. டிராக்கை (மீன் இழுத்தா நூல் விடுக பிடியை) நல்லா இறுக்கி வச்சு, நூலுக்கு முன்னால 40 பவுண்டு லீடர் (தடிச்ச நுனி நூல்) ஒரு மீட்டர் கட்டி, அடிச்ச நொடியே பின்னால நடந்துருங்க. அஞ்சு கிலோ செம்பல்லி தூணுக்குள்ள போனா ஹெவியா இருந்தாலும் அது போனது தான்.

அந்தப் பழைய எக்ஸ்ட்ரா ஹெவி இப்பவும் எனக்க கையில உண்டு. கச்சான் காத்து தணிஞ்ச பெறகு இரையுமன்துறை பக்கம் போய் 50 கிராம் பாப்பர் லூர் கட்டி வீசுகேன். அந்தக் கனத்துக்கு அது எவ்வளவு அழகா வளையுதுன்னு நீங்க பாக்கணும்.

பூவாறு காயல்காரி

எடையைப் பத்தி அண்ணன் சொன்னதுக்கு மேல எனக்குச் சொல்ல இல்ல. நான் கையைப் பத்திச் சொல்லுகேன், ஏன்னா ஆம்பிளைங்க இதை யோசிக்கதில்ல.

நெய்யாறு கடல்ல சேருக எடத்துல, பூவாத்துல தான் எங்க வீடு. வீட்டுக்காரருக்கு வள்ளம் உண்டு. சாயங்காலம் ரெண்டு பேரும் கண்டல் ஓரமா போவோம். முதல்ல அவருக்க ராட்டைத் தான் நானும் வீசினேன். அரை மணிக்கூர்ல மணிக்கட்டு கடுக்கும். எனக்கு வலு இல்லைன்னு நினைச்சேன். பெறகு பாத்தா ரீல் சீட்டு எனக்க உள்ளங்கைக்குப் பெருசு, டிரிகரும் கட்டைவிரலும் ஒரே நேரத்துல எட்டல. பெயிட்காஸ்டர்ல பிடிக்கு அடியில ஒரு கொக்கி மாதிரி இருக்கும் பாருங்க, அதை ரெண்டு விரலுக்கு நடுவுல விட்டு, ரீலையும் சேத்து உள்ளங்கையில பொத்திப் பிடிக்கணும். அப்படிப் பிடிச்சா கட்டைவிரல் ஸ்பூல் மேல நேரா விழணும். நீட்டித் தொட வேண்டி இருந்தா அந்த ராடு உங்களுக்கு இல்ல. அதனால ராட்டை மட்டும் பிடிச்சுப் பாத்து வாங்காதீங்க தம்பி, ரீலை மாட்டித் தரச் சொல்லிப் பிடிங்க. மாட்டலேன்னா நுனி கனமா தெரியும், மாட்டினா வேற மாதிரி இருக்கும்.

ரீலுக்குப் பின்னால உள்ள அடிக்கம்பு எத்தனை இஞ்சுன்னும் பாருங்க. நீளமா இருந்தா ரெண்டு கையால வீச நல்லது, ஆனா தவளையை ஓட்டும்போது நுனியைத் தாழ்த்திச் சுண்டிக்கிட்டே இருக்கணும், அப்போ அது முழங்கையிலயும் விலாவுலயும் இடிக்கும். எனக்கு முழங்கைக்கு ஒரு இஞ்சு உள்ளால நிக்கது தான் சரி.

இடது, வலது கேட்டீங்க. நீங்க இப்பவே இடது கையால தான் சுத்துகீங்க, அப்போ இடது கை ரீல் எடுங்க. வலது கையால வீசி, வலது கையிலயே ராட்டை வச்சுக்கிட்டு, இடது கையால சுத்தலாம். வலது கை ரீல்னா வீசின ஒடனே ராட்டை கை மாத்தணும். தவளை வெள்ளத்துல விழுந்த நொடியே வரால் அடிக்கும், அந்த நேரத்துல நீங்க கை மாத்திக்கிட்டு இருப்பீங்க. ஸ்பின்னிங் ரீல் மாதிரி கைப்பிடியைக் கழட்டி அந்தப் பக்கம் மாட்ட முடியாது, பெட்டியைப் பாத்துத் தான் வாங்கணும். ஷிமானோ கம்பெனி ரீல்ல கடைசி எண் 1-ன்னா இடது, 150 வலது, 151 இடது.

உப்பு வெள்ளத்துல போயிட்டு வந்தா நல்ல வெள்ளம் ஊத்தித் தொடைங்க. ராட்டுல நூல் போகுக வளையத்துக்க கால் துரு பிடிச்சா உள்ள உள்ள செராமிக் கழண்டு விழுந்துரும், நூல் இரும்புல ஒரசும். ரீல்மேல குழாயைப் பிடிச்சு வேகமா அடிக்காதீங்க, உப்பு உள்ள போயிரும். லேசா நனைச்சுத் தொடைச்சா போதும்.

கொல்லங்கோட்டுக்காரன்

அண்ணா, அக்கா, ரெண்டு பேருக்கும் நன்றி. ஊரம்புல எங்க மாமாவுக்குத் தெரிஞ்ச நகைக்கடையில கொண்டு போய் நிறுத்தேன். சின்னத் தவளை அட்டையில 10 கிராம், தராசுல 8.4. பெரிய தவளை 13.2. ஸ்பின்னர்பெயிட் 16.5. 90 மில்லிமீட்டர் மின்னோ 11.8. பாப்பர் 12.6. பாறைக்கு வச்சிருக்க இரும்பு ஜிக் ரெண்டு மட்டும் 40. எட்டு வீச்சு எதுன்னா அந்தப் பெரிய தவளை தான்.

கடையில காட்டின ஹெவியில என்ன எழுதியிருந்துதுன்னு போட்டோவைப் பெருசாக்கிப் பாத்தேன். 3/4 முதல் 2 அவுன்ஸ். அப்போ 21 கிராம்ல தான் தொடங்குது, ரெண்டு ஜிக்கைத் தவிர எனக்க டப்பாவுல உள்ள ஒண்ணும் அதுக்கு எட்டாது. உறுதியா இருந்ததுக்குக் காரணம் இப்போ விளங்குது.

கம்பும் வெட்டி வீசிப் பாத்தேன். 7 அடிக்கு ஒரு எடத்துல மட்டும் ஓலை தட்டுது, நாலடி நகந்து நின்னா சரியாகுது. 7 அடி மீடியம் ஹெவி, 1/4 முதல் 3/4, ஃபாஸ்ட்னு முடிவு. சின்னத் தவளையை என்ன செய்ய? கடையில வேற எதைப் பாக்கணும்? ரெண்டு துண்டா ஒரே துண்டா?

அருமனை பால்வெட்டு

சின்னத் தவளைக்கு வீச்சுவலை ஈயமணி ஒண்ணை இடிச்சு சின்னதாக்கி, கொக்கி வெளிய வருக ஓட்டை வழியா உள்ள தள்ளுங்க. ரெண்டு மூணு கிராம் கூடும், வால் தாழ்ந்து இருக்கும், கொக்கி மேல நிக்கும். ரொம்பப் போட்டா முங்கிரும், ஒரு வாளி வெள்ளத்துல போட்டுப் பாத்துட்டுப் போங்க.

ஒரே துண்டு ராடு நல்லது தான், ஆனா 7 அடியைப் பஸ்ஸுல கதவுக்கும் கூட்டத்துக்கும் நடுவுல கொண்டு போய் நுனியை ஒடிச்சவங்க நிறைய. நீங்க பஸ்ஸுல போறவர், ரெண்டு துண்டு எடுங்க. பிடி மட்டும் கழண்டு வருக மாதிரி உள்ளது கிடைச்சா ராடு வளையுக எடத்துல இணைப்பு வராது, ஆனா மேல் துண்டு நீளமாத் தான் இருக்கும். அதோட இணைப்பு இறுகி இருக்கணும். மாட்டிப் பிடிச்சு லேசா ஆட்டினா "டக்"குன்னு சத்தம் வரக்கூடாது.

கடையில ராட்டைக் கண்ணுக்கு நேரா வச்சு அடியில இருந்து நுனி வரை பாருங்க. வளையம் எல்லாம் ஒரு கோட்டுல நிக்கணும். கொஞ்சம் பஞ்சு கொண்டு போங்க, ஒவ்வொரு வளையத்துக்குள்ளயும் விட்டு ஒரு சுத்து சுத்துங்க. கீறல் இருந்தா பஞ்சு இழை அங்க பிடிக்கும், கண்ணுக்குத் தெரியாத கீறலே பிரெய்டை அறுத்துரும். பெயிட்காஸ்டிங் ராட்டுல வளையம் மேல் பக்கம் இருக்கு, அதனால மீன் இழுக்கும்போது நூல் ராட்டு மேல படும். படாம இருக்க வளையம் சின்னதா, நெருக்கமா, நிறைய வேணும். ஏழடிக்கு நுனியையும் சேத்து எட்டு, ஒம்பது இருக்கணும். நூலைக் கோத்து அரை லிட்டர் வெள்ளக் குப்பியைக் கட்டித் தரையில இருந்து மெதுவா தூக்குங்க. நூல் எங்கயாவது ராட்டைத் தொடுதான்னு பாருங்க. நுனியைக் கையால பிடிச்சு வளைச்சுப் பாக்கச் சொன்னா செய்யாதீங்க, கார்பன் அப்படித் தான் ஒடியும். மீன் வந்த பெறகும் ராட்டை நட்டுக்குத்தலா நிறுத்தித் தூக்காதீங்க. அப்போ பாரம் முழுசும் நுனி ஒண்ணரை அடிக்கு வந்துரும்.

24 டன், 30 டன்னு கார்பன் கணக்கு சொல்லுவாங்க. எண் கூடினா கனம் குறையும், விறைப்பு கூடும், அடி பட்டா தாங்குகதும் குறையும். சானல் கரையில கல்லுல சாயும், பைக்குல தட்டும். உங்க காசுக்கு அந்த எண்ணைத் தேடாதீங்க, அதே காசுக்கு நல்ல வளையமும் ஆடாத ரீல் சீட்டும் உள்ளதைத் தேடுங்க.

வாங்கின அன்னைக்கே சானலுக்கு ஓடாதீங்க. விளையில நின்னு, கொக்கி இல்லாம, 15 கிராம் ஈயம் கட்டிப் பழகுங்க. ரீல் கைப்பிடி பக்கத்துல ஒரு சின்னத் திருகு இருக்கும். ராட்டை நேரா நீட்டி கட்டைவிரல் பட்டையை அமுக்கினா ஈயம் மெதுவா இறங்கித் தரையைத் தொடணும், தொட்ட ஒடனே ஸ்பூல் நிக்கணும். அது வரை திருகை இறுக்குங்க. லூர் மாத்தினா திரும்பவும் இதைச் செய்யணும். அடுத்த பக்கம் உள்ள பிரேக்கை முழுசும் வச்சுத் தொடங்கி, வாரம் ஒரு படியாக் குறையுங்க. கட்டைவிரல் ஸ்பூல்ல தூசு மாதிரி பட்டுக்கிட்டே இருக்கணும், லூர் வெள்ளத்தைத் தொடும்போது அமுக்கணும். எதிர்க்காத்துல ரெண்டு படி பிரேக்கைக் கூட்டி, தாழ்த்தி வீசுங்க. ஆடி மாசம் கச்சான் அடிக்கும்போது பொழியில இதைப் பழகப் போகாதீங்க, கல்லு வழுக்கும், அலை சொல்லிட்டு வராது.

வரால் தவளையை அடிச்சதும் ஒடனே இழுக்காண்டாம். ஒரு நொடி பொறுத்து, நூல் நகருகதைப் பாத்துட்டு இழுங்க. வெள்ளத்துக்கு மேல செவப்பா நெல்லுமணி அளவுல குஞ்சு கூட்டமா கொதிக்கதைக் கண்டா அது பார்ப்பு. பெரிய வரால் அடியில காவல் நிக்கும், எதைப் போட்டாலும் கோவத்துல அடிக்கும். அங்க போடாதீங்க. அதைப் பிடிச்சா அந்தக் குஞ்சு மத்த மீனுக்கு எரையாகும்.

கொல்லங்கோட்டுக்காரன்

வாங்கியாச்சு. 7 அடி, மீடியம் ஹெவி, ரெண்டு துண்டு, ராடு மட்டும் 3,650 ரூபாய். முதல்ல எடுத்துத் தந்ததுல மூணாவது வளையத்துல பஞ்சு பிடிச்சுது. வேற ஒண்ணு கேட்டேன், முகம் சுளிக்காம தந்தாங்க. அக்கா சொன்ன மாதிரி ரீலை மாட்டிப் பிடிச்சுப் பாத்தேன், கட்டைவிரல் நேரா விழுது.

ஒரு வாரம் விளையில பிலாவுக்கு அடியில ஒரு முறத்தைப் போட்டு வச்சு ஈயம் வீசினேன். முதல் நாள் ஏழு தடவை கூடு கட்டிச்சு, நேத்து ஒண்ணு. இன்னைக்கு விடியக்காலம் அதே சானல். பதிமூணு கிராம் தவளை. அக்கரையில அன்னைக்கு மீன் பூந்த அந்த ஆகாயத்தாமரை எடவெளியில நாலு வீச்சுல மூணு விழுந்துது. நாலாவதுல வெள்ளம் குமிழி விட்டுது, அடிச்சுது, நான் ஒடனே இழுத்துட்டேன். தவளை நெஞ்சுல வந்து விழுந்துது. நொடி பொறுக்கணும்னு தெரிஞ்சும் கை கேக்கல.

அருமனை பால்வெட்டு

எடம் மாத்தாதீங்க. நாலஞ்சு நாள் விட்டுட்டு அதே நேரத்துக்குப் போங்க, அந்த வரால் அங்க தான் நிக்கும். போறதுக்கு முன்னால தவளைக்க உள்ள போன வெள்ளத்தைப் பிழிஞ்சு விட்டுருங்க, கனம் மாறிரும்.